காற்றில் குளிர்ந்ததும் நீரில் குளிர்ந்ததும்: பழைய போர்ஷே 911-ஐத் தேர்ந்தெடுத்தல்

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரைச் சேர்ந்த போர்ஷே நிறுவனம் 1963ஆம் ஆண்டு பிராங்பர்ட் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டிய ஸ்போர்ட்ஸ் கார், பின்னர் 911 என்று பெயர் பெற்று, அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் அதே பெயரோடும், எஞ்சினைப் பின்சக்கரங்களுக்கும் அப்பால் வைக்கும் அதே விசித்திரமான அமைப்போடும் இன்றுவரை தயாராகி வருகிறது. 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் பத்து லட்சமாவது 911 தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. இத்தனை நீண்ட காலம் ஒரே பெயரில் இத்தனை கார்கள் வந்திருப்பதால், பயன்படுத்திய 911 ஒன்றை வாங்க நினைப்பவர் முன்னே நிற்கும் கேள்வி எந்தக் கார் என்பதைவிட, எந்தத் தலைமுறை என்பதாகவே இருக்கிறது. பொதுவாகப் பழைய கார் வாங்குவோர், கையிருப்புப் பணத்துக்குள் கிடைக்கும் மிகப் புதிய மாதிரியைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம் என்று கருதுவர். அந்தக் கணக்கு 911-க்குப் பொருந்துவதில்லை. ஏனெனில் 1998இல் உற்பத்தி நின்ற ஒரு தலைமுறையின் விலை, அதற்கு அடுத்து வந்த தலைமுறையின் விலையைவிட வெகுகாலமாகவே மிக உயர்ந்து நிற்கிறது.

தலைமுறைகளைக் குறிக்க நிறுவனத்துக்குள் வழங்கிய வரிசை எண்களையே ஆர்வலர்களும் பயன்படுத்துகின்றனர். அவ்வெண்கள் ஏறுவரிசையில் அமையவில்லை என்பதைப் புதியவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். 1980களின் இறுதியில் வந்தது 964. 1990களின் நடுவில் வந்தது 993. 1997இல் அறிமுகமானது 996. 2004இல் வந்தது 997. அதற்குப் பின் 2011இல் வந்ததோ 991. பேச்சுவழக்கில் ‘காற்றுக் குளிர்ச்சி’ என்றும் ‘நீர்க் குளிர்ச்சி’ என்றும் இவை இரண்டு கூட்டங்களாகப் பிரிக்கப்படுகின்றன. முதல் கூட்டம் 993-உடன் முடிகிறது. இரண்டாவது 996-உடன் தொடங்குகிறது.

இந்தப் பிரிவு வெறும் தொழில்நுட்பப் பிரிவு அன்று என்பதால் அதைச் சற்று விரிவாகக் காண்பது தகும். எரிபொருள் எரியும்போது எஞ்சினுள் தோன்றும் வெப்பத்தை இடைவிடாமல் வெளியேற்றாவிட்டால் உலோகம் விரிந்து, உராய்ந்து, இறுதியில் இறுகிப்போகும். பெரும்பாலான கார்களில் இவ்வேலையைச் செய்வது எஞ்சினைச் சுற்றி ஓடி, ரேடியேட்டரில் வெப்பத்தை விட்டுத் திரும்பும் நீர். ஹான்ஸ் மெட்ஸ்கர் முதலிய பொறியாளர்கள் உருவாக்கிய தொடக்ககால 911-இன் எஞ்சினிலோ நீருக்கு இடமே இல்லை. பக்கத்துக்கு மூன்றாகப் படுத்த நிலையில் அமைந்த ஆறு சிலிண்டர்களின் வெளிப்புறத்தில், மோட்டார் சைக்கிள் எஞ்சின்களில் காண்பது போன்ற உலோகச் செதில்கள் இருந்தன. பெரிய காற்றாடி ஒன்று அவற்றின் மீது காற்றைச் செலுத்திக்கொண்டே இருந்தது. வெப்பத்தில் பெரும்பங்கைச் சுமந்தது தனித் தொட்டியிலிருந்து சுழன்று வந்த ஆயில். 964, 993 ஆகியவற்றின் ஆயில் அளவு பத்து லிட்டருக்கும் மேல் என்பதிலிருந்தே, காற்றுக் குளிர்ச்சி என்பது பாதிப் பெயர்தான், ஆயில் குளிர்ச்சி என்பதே முழு உண்மைக்கு நெருக்கமானது என்பது விளங்கும். நீருறை ஏதும் இல்லாததால் எஞ்சினின் உட்சத்தங்கள் தடையின்றி வெளியே கேட்கும். கொரகொரப்பும் உலோகச் சாயலும் கலந்த அந்த ஒலிக்காகவே இன்றும் பலர் பெரும்பொருள் கொடுக்க முன்வருகின்றனர்.

அந்த எஞ்சினை நிறுத்தியது ரசனை மாற்றம் அன்று. எரிப்பைத் தூய்மையாக்கவும் திறனைக் கூட்டவும் ஒரு சிலிண்டருக்கு நான்கு வால்வுகள் வேண்டும். அவ்வாறு வால்வுகள் நெருங்கி அமைந்த தலைப்பகுதியின் வெப்பத்தைக் காற்றால் மட்டும் அகற்றுவது மிகக் கடினம். புகை, ஒலி ஆகியவற்றுக்கான சட்ட வரம்புகளும் ஆண்டுதோறும் இறுகி வந்தன. இதற்கு முன்பே, 1990களின் தொடக்கத்தில், விற்பனை வீழ்ந்து நிறுவனமே மூழ்கும் நிலைக்கு வந்திருந்தது. அப்போது பொறுப்பேற்ற வெண்டலின் வீடெக்கிங், டொயோட்டாவில் பணியாற்றி அனுபவம் பெற்ற ஜப்பானிய ஆலோசகர்களை வரவழைத்து, தொழிற்சாலையில் வீணாகும் நேரத்தையும் பொருளையும் குறைத்தார். புதிய 911-உம், விலை குறைந்த பாக்ஸ்டர் என்ற காரும் ஒரே முன்பாகத்தையும், பல பொது உறுப்புகளையும், ஒரே குடும்ப எஞ்சினையும் பகிர்ந்துகொள்ளும் வகையில் வடிவமைக்கப்பட்டன. அந்தச் சிக்கனத்தின் விளைவே 996.

996 எண்களில் தன் முன்னோடியை வென்ற கார். 993-இன் 3.6 லிட்டர் எஞ்சின் முதலில் 272 குதிரைத்திறனும் பிறகு 285 குதிரைத்திறனும் தந்தது. 996-இன் எஞ்சின் 3.4 லிட்டராகச் சிறுத்திருந்தும் 300 குதிரைத்திறன் தந்தது. உடல் ஏறத்தாழ பதினெட்டு சென்டிமீட்டர் நீண்டிருந்தும் எடை கூடவில்லை, குறைந்தது. உட்புறம் விசாலமானது, குளிர்சாதனம் உண்மையிலேயே குளிர்வித்தது, கிளட்ச் மிதி மற்றக் கார்களில் இருப்பது போன்ற இடத்துக்கு வந்தது. இருந்தும் ஆர்வலர்கள் அதை மன்னிக்கவில்லை. வட்ட விளக்குகளின் இடத்தில், திசைகாட்டும் விளக்கையும் சேர்த்து உருக்கியது போன்ற வடிவில் அமைந்த முகப்பு விளக்குகள், பொரித்த முட்டைக்கு ஒப்பிடப்பட்டுக் கேலிக்கு உள்ளாயின. விலை குறைந்த பாக்ஸ்டரின் முகமே 911-க்கும் வந்ததைப் பலர் அவமதிப்பாகக் கருதினர். ஒரு விளக்கின் வடிவத்துக்காக ஒரு காரைத் தாழ்த்தியது நியாயமற்ற தீர்ப்பு. ஆயினும் அத்தீர்ப்புதான் பல ஆண்டுகள் 996-ஐ 911 வரிசையிலேயே மலிவானதாக வைத்திருந்தது. விலைத்தாழ்வுக்கு விளக்கு மட்டும் காரணமாக இருந்திருந்தால் வாங்குபவர் கவலையின்றி மகிழலாம்; இன்னொரு காரணமும் உண்டு, அது எஞ்சினுக்குள் இருக்கிறது.

எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்ட், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்களை நேரடியாகச் சுழற்றுவதில்லை. இடையில் ‘இன்டர்மீடியட் ஷாஃப்ட்’ என்ற இடைத்தண்டு ஒன்று நின்று, ஒருபுறம் சுழற்சியை வாங்கி மறுபுறம் செயின்கள் மூலம் கடத்துகிறது. காற்றுக் குளிர்ச்சி எஞ்சின்களிலும் இடைத்தண்டு இருந்தது. ஆனால் அது அழுத்தத்தோடு வரும் ஆயில் படலத்தின் மீது மிதந்து சுழலும் சாதாரண உலோகத் தாங்கிகளில் அமர்ந்திருந்தது. 996-க்கும் பாக்ஸ்டருக்கும் செய்யப்பட்ட புதிய எஞ்சினில் அத்தண்டின் ஒரு முனை, உள்ளே கிரீஸ் அடைத்து இருபுறமும் மூடப்பட்ட பால் பேரிங் ஒன்றில் அமர்த்தப்பட்டது. நாளடைவில் மூடியின் இறுக்கம் தளர, சூடான ஆயில் உள்ளே கசிந்து கிரீஸைக் கரைத்துக் கொண்டுபோகிறது. ஆனால் பேரிங்குக்கு உயவாகப் போதுமான புது ஆயிலோ உள்ளே வருவதில்லை. குண்டுகள் தேய்ந்து உடையும் நாளில் இடைத்தண்டு தன் இடம் விட்டு அசைகிறது. செயின்களின் ஒத்திசைவு தவறுகிறது. திறந்திருக்கும் வால்வுகளைப் பிஸ்டன்கள் மோதுகின்றன. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பேரிங்கால் முழு எஞ்சினும் சில நொடிகளில் அழியும். முதற்கட்டக் கார்களில் இரண்டு வரிசைக் குண்டுகள் கொண்ட பேரிங் இருந்தது. 2000ஆம் ஆண்டையொட்டி வந்த ஒற்றை வரிசைப் பேரிங்கே அதிகம் பழிபட்டது. 2001 முதல் 2005 வரை தயாரான கார்களின் உரிமையாளர்கள் சார்பில் அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட கூட்டு வழக்கு, 2013இல் உடன்பாட்டில் முடிந்தது.

இங்கேதான் வாங்குபவரின் அறிவு பணமாகிறது. அந்தப் பேரிங் எஞ்சினின் கியர்பாக்ஸ் பக்க முனையில் இருப்பதால், கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸைக் கழற்றும்போதே அதையும் மாற்றிவிடலாம். மேம்படுத்தப்பட்ட மாற்றுப் பேரிங்குகளைச் சில தனியார் பட்டறைகள் உருவாக்கியிருக்கின்றன. ஆகவே மாற்றியதற்கான ரசீதோடு வரும் 996, மாற்றாத 996 ஆகிய இரண்டும் ஒரே மாதிரிக் கார்கள் அல்ல, இரண்டு வேறு கார்கள். 997-இன் முதற்கட்ட எஞ்சின்களில் விரைவிலேயே பெரிய பேரிங் வைக்கப்பட்டது. அது உறுதியானது என்ற நற்பெயர் பெற்றது. ஆனால் அதைக் கழற்ற வேண்டுமானால் எஞ்சினின் உடற்கூட்டையே இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

பேரிங்கைப் பற்றிப் பேசும் அளவுக்கு மக்கள் பேசாத குறை சிலிண்டர் சுவரின் கீறல். அலுமினியச் சுவரின் மேல் பிஸ்டன் தேயாமல் ஓட, லோகாசில் என்ற முறையில் சிலிக்கான் செறிந்த உட்புறம் வார்க்கப்பட்டது. பிஸ்டனின் பக்கப்பூச்சு தேய்ந்தபின் அது சுவரைச் சுரண்டத் தொடங்குகிறது. சுவரிலிருந்து பெயரும் சிலிக்கான் துகள் மேலும் சுரண்டுகிறது. ஆயில் செலவு கூடுகிறது. இரண்டு புகைக்குழாய்களில் ஒன்று மட்டும் கரிபடிகிறது. எஞ்சின் சூடானபின் ஒருபக்கம் டக் டக் என்ற ஒலி எழுகிறது. 996-இன் பிற்பாதியில் வந்த 3.6 லிட்டர் எஞ்சினிலும், அதைவிட 997-இன் முதற்கட்ட 3.8 லிட்டர் எஞ்சினிலும் இக்குறை கூடுதலாகக் காணப்பட்டது. பேரிங்கை முன்கூட்டியே மாற்றலாம். கீறிய சுவருக்கு எஞ்சினைப் பிரித்து உறையிடுவதைத் தவிர வேறு மருந்தில்லை. புதிய மாதிரி, பெரிய எஞ்சின், கூடுதல் திறன் என்று படிப்படியாக மேலே ஏறும் வாங்குபவர், தன்னை அறியாமல் இடர் மிகுந்த இடத்துக்கே ஏறிப்போகக்கூடும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை.

இதே காலத்து 911-களிலேயே இவ்விரு குறைகளும் இல்லாதவையும் உண்டு. 996, 997 காலத்து ஜிடி3 வகைகளும், 996-இன் டர்போவும், 997-இன் முதற்கட்ட டர்போவும், பந்தயக் கார்களிலிருந்து வந்த வேறோர் எஞ்சினைக் கொண்டிருந்தன; நீரால் குளிர்ந்தாலும் அடித்தளம் பழைய 911-இன் வழிவந்தது என்பதால் ஆர்வலர்கள் அதை ‘மெட்ஸ்கர் எஞ்சின்’ என்று அந்தப் பொறியாளரின் பெயராலேயே அழைக்கின்றனர். அந்தக் கார்களின் விலையும் அதற்கேற்ப உயரத்தில் இருக்கிறது.

காற்றுக் குளிர்ச்சிக் கார்களைக் குறையற்றவை என்று கூறுவோர் பழைய பட்டறைப் புத்தகங்களை மறந்துவிட்டனர். 1970களின் நடுவில் வந்த 2.7 லிட்டர் எஞ்சினின் கூடு மெக்னீசியக் கலவையால் ஆனது. வெப்பத்தில் அது தளர்ந்து, சிலிண்டர்களைப் பிடித்து நிறுத்தும் ஸ்டட்கள் மறையோடு பெயர்ந்து வந்தன. 1984ஆம் ஆண்டு மாதிரியாக வந்த, கரேரா என்ற 3.2 லிட்டர் 911 வகையில், எஞ்சின் ஆயிலின் அழுத்தத்தால் இயங்கும் செயின் டென்ஷனர்கள் வரும்வரை, பழைய டென்ஷனர் பழுதாகி எஞ்சின் கெடுவது உரிமையாளர்களின் நிலையான அச்சமாக இருந்தது. 964-இன் தொடக்ககால எஞ்சின்களில் சிலிண்டருக்கும் தலைப்பகுதிக்கும் இடையே ஆயில் கசிந்தது. 993-இல் வால்வு கைடுகள் தேயும். இவையெல்லாம் பழங்கதையாகிவிட்டதற்குக் காரணம், குறைகள் பொய்யாகிப்போனது அன்று. முப்பது நாற்பது ஆண்டுகளில் பெரும்பாலான கார்களில் எஞ்சின் ஒருமுறையாவது பிரித்துக் கோக்கப்பட்டுவிட்டது என்பதே. காற்றுக் குளிர்ச்சி எஞ்சினின் உண்மையான பெருமை, அது பிரித்துக் கோக்கத் தகுந்ததாக வடிவமைக்கப்பட்டிருந்தது என்பதில் அடங்கும். சிலிண்டர்கள் ஒவ்வொன்றும் தனித்தனி. ஒன்று கெட்டால் ஒன்றை மாற்றலாம்.

துருவைப் பொறுத்தவரை 1976ஆம் ஆண்டு மாதிரி ஒரு எல்லைக்கோடு. அவ்வாண்டு முதல் 911-இன் எஃகு உடல் முழுவதும் துத்தநாகப் பூச்சுப் பெற்றது. அதற்கு முந்தைய கார்களின் பளபளக்கும் வண்ணத்தை நம்பி எவரும் பணம் கொடுத்துவிடக் கூடாது. பிந்தைய கார்களிலும் முன்கண்ணாடி, பின்கண்ணாடி ஓரங்களையும் பேட்டரியின் அடிப்பகுதியையும் பார்ப்பது நல்லது.

ஓட்டுதலில் தலைமுறைகளுக்கிடையே உள்ள வேறுபாடு விலைப்பட்டியலில் தெரிவதில்லை. பின்முனையில் கனமான எஞ்சினைச் சுமக்கும் கார், வளைவின் நடுவே ஓட்டுநர் அஞ்சி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது, எடை முன்னே சாய்ந்து, பின்சக்கரப் பிடி தளர்ந்து, வாலைச் சுழற்றிவிடும். 1980கள் வரையிலான 911-களில் இது உயிரோடு விளையாடும் இயல்பு. 964-இல் ஏபிஎஸ் பிரேக்கும் பவர் ஸ்டீயரிங்கும் வந்தன. 993-இன் பின்சக்கரங்கள் முற்றிலும் புதிய பல இணைப்புத் தொங்கமைப்பைப் பெற்று நம்பத்தக்கவையாயின. 996 காலத்தில் சறுக்கலை உணர்ந்து தனித்தனிச் சக்கரங்களை நிறுத்தும் மின்னணு நிலைப்படுத்தல் வந்தது. ஆகவே அன்றாடம் மழையிலும் வெயிலிலும் ஓட்ட விரும்பும் ஒருவர், பெயரின் கவர்ச்சிக்காக மட்டும் 1970களின் காரை வாங்குவது தவறு. மறுபக்கம், 1300 கிலோவுக்கு உட்பட்ட எடையும், மெலிந்த தூண்களும், சாலையின் ஒவ்வொரு நுணுக்கத்தையும் கைக்குக் கொண்டுவரும் ஸ்டீயரிங்கும் இனித் திரும்பி வரப்போவதில்லை.

நீர்க் குளிர்ச்சிக் கூட்டத்துக்குள்ளேயே இன்னொரு எல்லைக்கோடு 2008இன் நடுவில் விழுந்தது. 2009ஆம் ஆண்டு மாதிரியாக வந்த 997-இன் இரண்டாம் கட்டத்தில், எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் புதிய எஞ்சின் பொருத்தப்பட்டது. அதில் இடைத்தண்டே கிடையாது; சிலிண்டர் வார்ப்பும் லோகாசிலிலிருந்து அலுசில் என்ற கலவைக்கு மாறியது. கரேராவின் திறன் 345 குதிரைத்திறனாகவும், கரேரா எஸ்-இன் திறன் 385 குதிரைத்திறனாகவும் உயர்ந்தது. இரண்டு கிளட்ச்களைக் கொண்டு இடைவெளியின்றிக் கியர் மாற்றும் பிடிகே என்ற ஏழு வேகக் கியர்பாக்ஸும் அப்போதுதான் வந்தது. அதற்குப் பின் வந்த 991, சக்கர இடைவெளியில் பத்து சென்டிமீட்டர் நீண்டு, வேகத்திலும் நிதானத்திலும் 997-ஐ விஞ்சியது. ஆனால் ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கின் இடத்தில் மின்சார மோட்டார் உதவும் ஸ்டீயரிங் வந்ததால், கைக்கு வந்துகொண்டிருந்த செய்தி மங்கியது. 991-இன் முதல் ஜிடி3-இல் கைமுறை கியர்பாக்ஸே தரப்படவில்லை. வாங்குவோரின் ஏக்கத்தை உணர்ந்த நிறுவனம் 2016இல் கைமுறை கியர்பாக்ஸ் மட்டும் கொண்ட 911 ஆர் என்ற காரை 991 எண்ணிக்கையில் செய்து விற்றது. மறு ஆண்டு ஜிடி3-இலும் அதைத் திருப்பிக் கொடுத்தது. தயாரித்தவர்களே புதுமையிலிருந்து ஓரடி பின்வைத்த தருணம் அது.

தலைமுறையைத் தீர்மானித்தபின் எஞ்சுவது கண்ணெதிரே நிற்கும் அந்த ஒரு காரைப் பற்றிய தீர்மானம். உண்மையில் இதுவே பெரிய தீர்மானம். 911-ஐ அறிந்த, விற்பவரோடு தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரிடம் காரைக் கொண்டுசென்று, ஸ்பார்க் பிளக் துவாரம் வழியாகவும், இயலுமாயின் ஆயில் கிண்ணத்தைக் கழற்றிக் கீழிருந்தும், நுண்கேமராவைச் செலுத்திச் சிலிண்டர் சுவர்களைப் படம் எடுக்கச் சொல்ல வேண்டும். ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரித்தால், அதன் மடிப்புகளில் உலோகத் துகள் மின்னுகிறதா என்பது தெரியும். நீர்க் குளிர்ச்சிக் கார்களின் எஞ்சின் கணினி, அனுமதித்த வேகத்தைத் தாண்டி எஞ்சின் சுழன்ற தருணங்களைப் பதிந்து வைத்திருக்கும். கியரைத் தவறாகக் கீழிறக்கி எஞ்சினை வதைத்த பழைய உரிமையாளரை அந்தப் பதிவு காட்டிக்கொடுத்துவிடும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கிலக்க எண், அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். பத்தாண்டுப் பழைய டயரோடு நிற்கும் ஸ்போர்ட்ஸ் கார் பராமரிக்கப்பட்ட கார் அன்று. மிகக் குறைவாக ஓடிய கார் என்பதும் தன்னளவில் நற்சான்று ஆகாது. நின்றே கிடந்த காரில் சீல்கள் காய்கின்றன, ஆயிலில் ஈரம் சேர்கிறது. ஆண்டுதோறும் ஓடி, ஆண்டுதோறும் ஆயில் மாறி, ஒவ்வொன்றுக்கும் ரசீது வைத்திருக்கும் ஒரு லட்சம் கிலோமீட்டர் கார், ரசீதில்லாத முப்பதாயிரம் கிலோமீட்டர் காரைவிடப் பெரும்பாலும் நல்ல கார்.

செலவைக் கணக்கிடும்போது ஒன்றை மறக்கலாகாது. 996-இன் விலை குறைந்திருக்கலாம். அதன் உதிரிபாகங்களின் விலையும் பட்டறைக் கூலியும் குறையவில்லை. காரின் விலையோடு ஒரு கிளட்ச், ஒரு பேரிங், நான்கு டயர்கள், முழு பிரேக் வேலை ஆகியவற்றுக்கான தொகையையும் தனியே எடுத்துவைக்க இயலாதவர் 996-ஐ வாங்கும் நிலையில் இன்னும் இல்லை என்றே கொள்ள வேண்டும். 993-இல் செலவு செய்யும் பணம் பெரும்பாலும் காரின் மதிப்பாகத் திரும்புகிறது. ஆனால் மதிப்பு உயர உயர அதை வெளியே எடுத்து ஓட்டத் தயங்கி மூடிவைப்போரும் பெருகிவிட்டனர். ஓட்டுவதற்காகப் பிறந்த பொருள் கூடத்தில் சிலையாக நிற்பது அந்தப் பொறியாளர்களின் உழைப்புக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

ஒரே ஒரு 911 வாங்கி அதை வாரந்தோறும் ஓட்ட விரும்புபவருக்கு ஏற்றது, 2009 முதல் 2012 வரையிலான மாதிரிகளில் கைமுறை கியர்பாக்ஸ் கொண்ட 997 கரேரா. இடைத்தண்டு இல்லாத எஞ்சினும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கும் ஒன்றாக அமைந்த காலம் அந்தச் சில ஆண்டுகளே. அந்த விலை எட்டாதவர், பேரிங் மாற்றிய ரசீதும் சிலிண்டர் சுவரின் படமும் உள்ள 3.4 லிட்டர் 996-ஐ அதன் விளக்குகளைப் பொருட்படுத்தாமல் வாங்கலாம். எஞ்சின் ஒலிக்கும் கைவேலைக்கும் மனம் பறிகொடுத்தவர், நம்பகமான மெக்கானிக் அருகில் இருந்தால் மட்டும் 993-ஐயோ 3.2 கரேராவையோ நாடட்டும். எந்தத் தலைமுறையாக இருந்தாலும், நுண்கேமராச் சோதனைக்கு உடன்படாத விற்பனையாளரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.